லாரிக்கு அடியில் புகாமல் கிரீஸ் அடிக்க நீங்களே செய்துகொள்ளக்கூடிய ஒரு சின்ன மாற்றம்

கேள்வி இது: ஒருவர் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறார். கிரீஸ் அடிக்க, ஏர் டேங்கில் (பிரேக்குக்கான காற்றுத் தொட்டி) சேரும் தண்ணீரை வடிக்க, ஆயில் மாற்ற என்று எல்லாவற்றுக்கும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருக்கிறது. லேத் வேலை, வெல்டிங் எதுவும் இல்லாமல், ஸ்பேனர் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தானே செய்துகொள்ளக்கூடிய மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. நான் முதலில் சொல்வது கிரீஸ் நிப்பிளை, அதாவது கன்னை மாட்டிக் கிரீஸை உள்ளே அழுத்தும் சின்ன முனையை, இடம் மாற்றுவதைத்தான். எட்டாத மூலையில் இருக்கும் நிப்பிளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு ஹோஸைப் பூட்டுங்கள். ஹோஸின் மறுமுனையைச் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஓரத்துக்குக் கொண்டுவந்து, நிப்பிளை அங்கே மாட்டுங்கள். அவ்வளவுதான் மாற்றம். ஏர் டேங்குக்கு ஒரு இழுப்புக் கம்பி, ஆயில் சம்புக்கு (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒரு வால்வு என்று வேறு சிலவும் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன். ஆனால் இடுப்பு வலியும் நேரமும் அதிகம் மிச்சமாவது கிரீஸ் வேலையில்தான்.

காரணம் எளிது. ஆயில் மாற்றுவது எப்போதாவது வரும் வேலை, அதை யாரும் மறப்பதில்லை. கிரீஸ் அப்படியில்லை. அடிக்கடி வரும், ஒரே நாளில் பத்து இருபது இடத்தில் அடிக்க வேண்டியிருக்கும். அதில் மூன்று நான்கு இடங்கள் மட்டும் எப்போதும் விட்டுப்போகும். பழைய வண்டியின் கமான் பட்டையை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின்களைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வெளிப்பக்கம் நிப்பிள் இருக்கும் பின் மழமழவென்று வரும். டீசல் டேங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பின்னைச் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டும். துரு ஏறி, ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்து, பின் உட்காரும் உறையான புஷ்ஷும் வட்டம் போய் நீள்வட்டமாகியிருக்கும். இரண்டும் ஓடியது ஒரே வண்டியில், ஒரே சாலையில். ஒன்றுக்குக் கிரீஸ் கன் எட்டியது, மற்றதற்கு எட்டவில்லை.

இந்த வேலையில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: நிப்பிள் கைக்கு எட்ட வேண்டும், மூட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லா நிப்பிளையும் இழுத்து வந்து கேபினுக்குப் பக்கத்தில் ஒரே பலகையில் வரிசையாக மாட்டிவைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கிரீஸ் உள்ளே போனதற்கு ஒரே நல்ல அடையாளம், பழைய கறுப்புக் கிரீஸ் மூட்டின் ஓரத்தில் பிதுங்கி வந்து, அதன் பின்னால் புதுக் கிரீஸின் நிறம் தெரிவதுதான். நீங்கள் கேபின் பக்கம் நின்று கன்னை அழுத்தும்போது, பின் அச்சில் அது பிதுங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? அதனால் ஹோஸை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். பெரும்பாலான இடங்களில் அரை மீட்டரில் வேலை முடிந்துவிடும். ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் அந்த இடத்துக்கு இந்த மாற்றம் தேவையா என்று மறுபடி யோசியுங்கள்.

அடுத்தது, எந்தெந்த நிப்பிளை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது.

ஷேக்கிள் பின், கமான் பட்டையின் மற்ற பின்கள், ஸ்டியரிங் கம்பிகளின் எட்டாத முனைகள், கேபின் தூக்கும் கீல், டிரெய்லர் இழுக்கும் வண்டியானால் டிரெய்லரின் முன்பகுதி உட்காரும் ஐந்தாம் சக்கரத் தட்டு, இவையெல்லாம் நல்ல இடங்கள். அசைவு குறைவு, அல்லது ஒரே திசையில் அசைவு. கிங் பின்னும் (முன் சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கான பின்) மாற்றலாம், ஆனால் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் பகுதியில் அது இருப்பதால் ஹோஸுக்குத் தாராளமாகத் தொய்வு விட வேண்டும். பல வண்டிகளில் கிங் பின் நிப்பிள், சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்தாலே கைக்கு எட்டிவிடும். அப்படி எட்டினால் விட்டுவிடுங்கள்.

கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட், ஸ்லிப் ஜாயின்ட் இரண்டும் சுற்றுகிறவை. அங்கே ஹோஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கு நிப்பிளை 45 அல்லது 90 டிகிரி வளைந்ததாக மாற்றலாம், அதுவும் பக்கத்துப் பாகத்தில் உரசாத அளவுக்கு இடம் இருந்தால் மட்டும். நேரான நிப்பிளுக்குக் கன் பிடிக்க இடமில்லாத பல மூட்டுகளில் ஒரு வளைந்த நிப்பிளே பிரச்சினையைத் தீர்த்துவிடும், ஹோஸே தேவைப்படாது. அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பிரேக் பக்கம் இருக்கும் நிப்பிள்களை, அதாவது ஸ்லாக் அட்ஜஸ்டரிலும் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை) எஸ்-கேம் புஷ்ஷிலும் (பிரேக் ஷூவை விரிக்கும் தண்டின் உறை) இருப்பவற்றை, நான் இடம் மாற்றமாட்டேன். எஸ்-கேம் புஷ்ஷில் கிரீஸ் அதிகமானால், அல்லது அதன் சீல் கெட்டிருந்தால், கிரீஸ் டிரம்முக்குள் போய் லைனிங்கில் படும். பக்கத்தில் இருந்து, கன்னை மெதுவாக அழுத்தி, எந்தப் பக்கம் பிதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டிய இடம் அது. ஸ்லாக் அட்ஜஸ்டர் ஒவ்வொரு பிரேக்குக்கும் நகரும், அங்கே ஒரு ஹோஸ் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தவிர, பிரேக்கின் பக்கம் அவ்வப்போது ஒரு ஆள் தலையைக் கொண்டுபோவது நல்லதுதான்.

கிளட்ச் ரிலீஸ் பேரிங்குக்கு (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் பேரிங்) பல பெரிய வண்டிகளில் தயாரிப்பாளரே ஒரு குழாய் போட்டு, நிப்பிளை வெளியே கொண்டுவந்திருப்பார். அப்படி இருந்தால் அதைப் பாருங்கள், நாம் செய்யப்போகும் வேலைக்கு அதுவே மாதிரி. இல்லையென்றால் அதை நாமாகச் செய்ய வேண்டாம். கூடுதலாகப் போன கிரீஸ் கிளட்ச் தட்டில் படுவது வேறு தலைவலி.

பொருள்களில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஹோஸ். சிலர் கையில் கிடைக்கும் டீசல் ஹோஸையோ ஏர் பிரேக்கின் நைலான் குழாயையோ போட்டுவிடுகிறார்கள். அது சரிவராது. ஏர் பிரேக் வேலை செய்வது சுமார் 8 முதல் 10 பார் அழுத்தத்தில். கையால் அழுத்தும் சாதாரண கிரீஸ் கன், எதிரே அடைப்பு இருந்தால், 400 பார், அதற்கும் மேல்கூட ஏற்றிவிடும். கையில் பெரிய பலம் ஒன்றும் தேவையில்லை, நீண்ட கைப்பிடியும் மெல்லிய பிஸ்டனும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆகவே கிரீஸ் கன்னின் நுனியில் வருகிற அதே வகை உயர் அழுத்த ஹோஸை, அழுத்த அளவு மேலே அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முனையிலும் ஃபிட்டிங் அழுத்திப் பொருத்தி வரும் ஹோஸாக இருக்கட்டும். ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குவது இந்த அழுத்தத்துக்கு நிற்காது.

இந்த அழுத்தத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கன்னை அழுத்தும்போது ஏதாவது இணைப்பில் கசிவு தெரிந்தால் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நூல்போல வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், 'அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே போய்விட்டது' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் மரை. பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுதான். லாரிகளில் நிப்பிள் மரை பெரும்பாலும் எம்6, எம்8, எம்10 (மூன்றிலும் சுற்றுக்கு 1 மி.மீ.), அல்லது எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரையாக இருக்கும். அந்தக் குழாய் மரையிலும் இரண்டு வகை உண்டு: என்பிடி என்பதில் அங்குலத்துக்கு 27 மரை, பிஎஸ்பி என்பதில் 28. இவற்றில் எம்10-ம் எட்டில் ஒரு அங்குல வகைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறானதை மாட்டினால் முதல் இரண்டு சுற்று கையாலேயே அழகாக ஏறும், பிறகு இறுகும். "சரி, பிடித்துக்கொண்டது" என்று ஸ்பேனர் போட்டால் மரை போயிற்று. போவது நிப்பிளின் மரை என்றால் கவலையில்லை, கிங் பின் மூடியின் மரை என்றால் செலவு. அதனால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் நிப்பிளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், கடையில் அதே நிப்பிளை ஃபிட்டிங்கோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். சரியான ஃபிட்டிங் கையாலேயே நான்கைந்து சுற்றாவது ஏற வேண்டும் (கூம்பு மரையானால் மூன்று). நிப்பிள் இல்லாத ஓட்டையைச் சும்மா விட்டு வண்டியை ஓட்டாதீர்கள், ஒரு போல்ட்டையோ மாற்று நிப்பிளையோ போட்டு அடையுங்கள்.

டெஃப்லான் டேப் சுற்றலாமா என்றால், நான் சுற்றுவதில்லை. கிழிந்த டேப் துணுக்கு உள்ளே போய்ச் சின்ன கிரீஸ் வழியை அடைத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டியான பொருள், நல்ல மரையில் சும்மா இறுக்கினாலே நிற்கும். கசிந்தால் திரவ சீலன்ட்டை முதல் மரையை விட்டுவிட்டு மெல்லியதாகத் தடவுங்கள்.

நிப்பிள் வந்து உட்காரும் பிராக்கெட்டுக்கு 3 மி.மீ. தடிமனுள்ள சின்ன இரும்பு ஆங்கிள் போதும். அதில் துளை போட்டு, இரண்டு பக்கமும் நட்டு வைத்து இறுக்கும் வகை இணைப்பைப் பொருத்த வேண்டும். நிப்பிளை ஹோஸின் நுனியில் மாட்டித் தொங்கவிட்டால் கன்னை மாட்டும்போது இன்னொரு கையால் அதைப் பிடிக்க வேண்டிவரும். கழற்றும்போது இழுபட்டு, ஹோஸ் சீக்கிரம் போகும். ஆங்கிளைச் சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் துளையிலோ, ஏற்கெனவே இருக்கும் போல்ட்டின் நீண்டு நிற்கும் முனையிலோ மாட்டுங்கள். சேஸிஸின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடவே கூடாது. வளையும்போது அதிகமாக இழுபடுவதும் நசுங்குவதும் அந்த மடிப்புகள்தான், விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வெல்டிங்கும் வேண்டாம். கமான் பட்டையின் யூ-போல்ட், பிரேக் பாகங்கள், ஸ்டியரிங் பெட்டி இவற்றின் போல்ட்டுகளையும் இந்த வேலைக்குக் கடன் வாங்காதீர்கள்.

ஹோஸைக் கொண்டுபோகும் வழியை வண்டி நிற்கும்போது மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் ஏமாந்துபோவீர்கள். அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள தூரம், பாரம் ஏற்றினால் ஒன்று, காலி வண்டியில் ஒன்று, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இன்னொன்று. ஜாக்கி வைத்துச் சேஸிஸைத் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஹோஸ் விறைக்கிறதா என்று பாருங்கள். முன் பக்கமானால் ஸ்டியரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். டயர், பிரேக் ஹோஸ், எக்ஸாஸ்ட் மூன்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை, தயாராக ஒரு வழி அங்கே இருக்கிறதே என்று. செய்யாதீர்கள். கிரீஸ் ஹோஸின் மேல் உறை கடினமானது, அதிர்வில் பிரேக் ஹோஸை அறுத்துவிடும். கட்டுவதற்கு ரப்பர் உறை போட்ட இரும்புக் கிளாம்ப்தான் சரி. பிளாஸ்டிக் டை வெயிலிலும் சூட்டிலும் நொறுங்கும்.

வண்டியைத் தூக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இதுவரை சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹோஸை மாட்டுவதற்கு முன்னால் அதற்குள் கிரீஸை நிரப்ப வேண்டும். உள்விட்டம் 4 மி.மீ. உள்ள ஹோஸ் ஒரு மீட்டர் நீளம் இருந்தால், அதன் கொள்ளளவு ஏறக்குறைய 12.5 கன சென்டிமீட்டர். கைக் கன் ஒரு அழுத்துக்குத் தருவது சுமார் 1 கிராம். ஆக, ஹோஸை நிரப்ப மட்டுமே பத்துப் பன்னிரண்டு அழுத்து தேவை. வெறும் ஹோஸை மாட்டிவிட்டு, வழக்கம்போல ஐந்தாறு அழுத்து அழுத்தி விட்டுப்போனால், மூட்டுக்குள் போனது காற்று. அடுத்த முறையும் பாதி காற்று. உரிமையாளருக்கோ கிரீஸ் அடித்த திருப்தி. எனவே நிப்பிள் பக்கத்தை முதலில் பிராக்கெட்டில் பொருத்தி, மறுமுனையைத் தொங்கவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் கிரீஸ் ஒரே கயிறாக வெளியே வரும்வரை அழுத்துங்கள். பிறகு அந்த முனையை மூட்டில் பூட்டி, பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அழுத்துங்கள். அதற்கு எத்தனை அழுத்து ஆனது என்பதை எழுதி வைத்துக்கொண்டால், இனி அந்த மூட்டின் கணக்கு அதுதான். ஒருநாள் திடீரென்று பாதி அழுத்திலேயே கன் கெட்டியானால் வழி அடைபடுகிறது என்று பொருள். எத்தனை அழுத்தினாலும் எதிர்ப்பே இல்லாமல் இளக்கமாகப் போனால் ஹோஸ் எங்கோ கழன்றிருக்கிறது, அல்லது கன்னிலேயே காற்று புகுந்திருக்கிறது.

ஹோஸுக்குள் கிரீஸ் தேங்கி நிற்பதால் வரும் இன்னொரு விஷயம், கிரீஸ் வகையை மாற்றும்போது. நீங்கள் கன்னில் புது வகை போட்டு அழுத்தினாலும் முதலில் மூட்டுக்குள் போவது ஹோஸில் இருக்கும் பழைய வகைதான். லித்தியம் வகைக்கும் பாலியூரியா வகைக்கும் பல நேரம் ஒத்துப்போவதில்லை, கலந்தால் இளகி ஓடிவிடலாம். வகை மாற்றினால் மூட்டுப் பக்கத்தைக் கழற்றி, பழையது முழுக்க வெளியே வரும்வரை தள்ளிவிட்டு மறுபடி பூட்டுங்கள். கையால் அடிக்கும் வேலைக்கு என்எல்ஜிஐ 2 என்ற கெட்டித்தன்மை உள்ள கிரீஸ்தான் வழக்கம், வண்டியின் கையேடு வேறு சொல்லாதவரை. கடும் குளிர் உள்ள இடத்தில் அது நீண்ட ஹோஸில் நகர அடம் பிடிக்கும். வண்டி ஓடிவந்த சூட்டோடு அடித்தால் கொஞ்சம் இலகு. எக்ஸாஸ்ட் அருகே போனால் எதிர்த் தொல்லை: கிரீஸிலிருக்கும் எண்ணெய் பிரிந்து வடிந்துவிட, மிச்சமிருக்கும் சோப்பு (கிரீஸைக் கெட்டியாக்கும் பொருள்) கட்டியாக இறுகி வழியை அடைக்கும். எப்போதோ ஒருமுறை மட்டும் கிரீஸ் அடிக்கும் மூட்டுக்கு ஹோஸ் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

இவ்வளவு படித்ததும் "ஒரே நிப்பிள், ஒரு டீ இணைப்பு, அதிலிருந்து நான்கு மூட்டுக்கும் ஹோஸ், ஒரே இடத்தில் அழுத்தினால் போதுமே" என்று தோன்றும். இதைச் செய்த வண்டிகள் இருக்கின்றன, செய்யாதீர்கள். மேட்டை விட்டுப் பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் மாதிரி கிரீஸும் எதிர்ப்பு குறைந்த வழியில்தான் போகும். நான்கு பின்களில் எது ஏற்கெனவே தேய்ந்து லொடலொடவென்று இருக்கிறதோ அதற்கே எல்லாக் கிரீஸும் போய்ச் சேரும். இறுகிக் கிடக்கும் பின்னுக்குத்தான் கிரீஸ் அவசரம், அதற்கு ஒரு துளியும் போகாது. ஒரு மூட்டுக்கு ஒரு ஹோஸ், ஒரு நிப்பிள். ஒரே இடத்தில் அழுத்தி எல்லாவற்றுக்கும் போக வேண்டுமென்றால், உள்ளே பிஸ்டன்கள் முறைபோட்டு ஒவ்வொரு வழிக்கும் அளந்து தள்ளும் பகிர்வுக் கட்டை வேண்டும். அது தனிச் சாமான், அதன் ஒரு வழி அடைத்தால் எல்லா வழியும் நின்றுவிடும். எளிய மாற்றம் என்ற கணக்கில் அது வராது.

ஹோஸ் போட்டதால் கிரீஸ் அடிக்கும் முறை மாறிவிடுவதில்லை. ஷேக்கிள் பின்னில் பாரம் ஒரு பக்கம் அழுத்தி நிற்கும்போது அந்தப் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. சேஸிஸைத் தூக்கிப் பாரத்தை விடுவித்தால்தான் சுற்றிலும் பரவும். கிங் பின்னுக்குச் சில அச்சுகளில் சக்கரம் தரையில் இருக்க வேண்டும், சிலவற்றில் தூக்கியிருக்க வேண்டும். உங்கள் அச்சின் கையேடு சொல்வதுதான் கணக்கு. நிப்பிளின் தலையைத் துடைக்காமல் கன்னை மாட்டினால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். சேஸிஸ் ஓரத்தில் இருக்கும் நிப்பிளில் சேறு படுவது முன்பைவிட அதிகம், ஆகவே ரப்பர் மூடி போட்டே ஆக வேண்டும். பிராக்கெட்டில் எது எந்த மூட்டுக்கு என்று பெயிண்டால் எழுதாதீர்கள், ஒரு மழைக்காலம் தாங்காது. ஆங்கிளிலேயே எண் பொறித்துவிடுங்கள்.

ஏர் டேங்க் கதைக்கு வருவோம். அரை மணி நேர வேலை இது. டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் வால்வு, நடுவில் இருக்கும் தண்டைப் பக்கவாட்டில் இழுத்தால் திறக்கும் வகையாக இருந்தால், அதன் வளையத்தில் 2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வடத்தைக் கட்டி, சேஸிஸ் ஓரத்துக்குக் கொண்டுவந்து ஒரு வளையம் போட்டுவிடுங்கள். திருகித் திறக்கும் வகையாக இருந்தால், அதே மரையில் இந்த இழுப்பு வகை வால்வு கிடைக்கும். டேங்கில் காற்று முழுவதும் வெளியேறிய பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். வடம் தொய்வாக இருக்கட்டும், விறைப்பாகக் கட்டினால் அதிர்வில் வால்வு திறந்து காற்று கசியும். கம்ப்ரஸருக்கு அடுத்து வரும் முதல் டேங்கில்தான் தண்ணீர் அதிகம் சேரும். எல்லாவற்றுக்கும் வடம் போட மனமில்லை என்றால் அதற்காவது போடுங்கள்.

இங்கேயும் கண்ணால் பார்க்க வேண்டியது உண்டு. வால்வுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டையைப் போட்டுவிட்டு இழுத்தால், வந்தது என்ன என்று தெரியும். தெளிந்த தண்ணீர் கொஞ்சம் வந்தால் சரி. பால்போலக் கலங்கி, பிசுபிசுப்பாக வந்தால் தண்ணீரோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்து வருகிறது. ஏர் டிரையர் இருக்கும் வண்டியில் தண்ணீர் அதிகமாக வந்தால் டிரையர் வேலை செய்யவில்லை. சும்மா இழுத்து 'புஸ்' என்று சத்தம் கேட்டதும் போய்விட்டால் இந்தத் தகவல் எதுவும் கிடைக்காது. டேங்கை முழுவதும் காலி செய்யும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள், கிளம்பும்போது அழுத்தம் முழுதாக ஏறும்வரை நகராதீர்கள். பிரேக் அமைப்பில் நீங்கள் கை வைக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான், அதுவும் வடிகால் வால்வோடு நிற்க வேண்டும்.

ஆயில் சம்பின் வடிகால் போல்ட்டை எடுத்துவிட்டுக் கால் சுற்றில் திறக்கும் வால்வு போடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. அதில் குழாய் மாட்டும் மூக்கு இருந்தால் கையில் சூடான ஆயில் படாமல் நேராக டப்பாவில் இறங்கும், ஆயில் மாதிரி எடுப்பதும் சுலபம். ஆனால் மூன்று விஷயம் பார்க்காமல் போடாதீர்கள். ஒன்று, வால்வு சம்பின் அடிமட்டத்தைவிடக் கீழே தொங்கக்கூடாது. ஒரு கல் பட்டால் என்ஜின் ஆயில் முழுவதும் சாலையில். போல்ட் சம்பின் பக்கவாட்டில் இருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை, நேர் கீழே இருந்தால் எனக்கு இஷ்டமில்லை. இரண்டு, கைப்பிடி தானாகத் திரும்பாதபடி பூட்டு உள்ள வகையாக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு கிளிப்பும் வேண்டும். மூன்று, வால்வின் உள்துளை போல்ட்டின் துளையைவிடச் சின்னது. ஆயில் மெதுவாக வடியும், அடி வண்டல் கொஞ்சம் தங்கும். பழைய போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் இழக்கிறீர்கள். அந்தக் காந்தத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைப் பார்த்துப் பல கோளாறுகளை முன்கூட்டியே பிடிக்கலாம். ஆயில் மாற்றுவது அத்தனை அடிக்கடி வரும் வேலையும் இல்லை. அதனால் என் வரிசையில் இது கடைசி.

டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீர் வடிகாலின் மூக்கில், டீசல் தாங்கும் ஒளிபுகும் குழாய் ஒரு துண்டு மாட்டிக் கீழே விட்டால் டீசல் கையில் வழியாமல் பாட்டிலில் பிடிக்கலாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

கிரீஸ் ஹோஸுக்கே திரும்பி வருகிறேன், போட்ட பிறகு பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நிப்பிளுக்குள் ஒரு சின்ன குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். கிரீஸை உள்ளே விட்டுவிட்டு, திரும்பி வராமலும் தூசி போகாமலும் அடைப்பது அந்தக் குண்டுதான். நிப்பிளை ஹோஸின் மறுமுனைக்குக் கொண்டுவந்துவிட்டதால் மூட்டின் வாயில் இப்போது அந்த அடைப்பு இல்லை. ஹோஸ் அறுந்தால் தண்ணீரும் மண்ணும் நேராக மூட்டுக்குள் போகும், கிரீஸ் அடிக்காமல் விட்டதைவிட மோசம். அதனால் முதல் சில வாரம், வண்டி நிற்கும் நேரத்தில் ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவி, உரசிய தடம், தளர்ந்த கிளாம்ப், எண்ணெய்ப் பிசுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உரசல் தெரிந்தால் அந்த இடத்தில் ரப்பரைச் சுற்றிச் சமாளிக்காமல் ஹோஸின் வழியை மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு முறை கிரீஸ் அடிக்கும்போதும் ஒரு பார்வை போதும். ஒரு ஹோஸ் போய்விட்டால், புதியது வரும்வரை அதைக் கழற்றிவிட்டு மூட்டில் பழைய நிப்பிளையே மாட்டி ஓட்டலாம். அதற்காகவே கழற்றிய நிப்பிள்களை ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள்.